தீர்த்தம் என்று எழுதிய போத்தல்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் மாதம். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, சிங்கப்பூரில் கப்பலேறி மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு. எங்களோடு வந்தவர்கள் இரண்டே பேர். சாஆ என்ற ஊரில் இருக்கும் என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். அப்புறம் அவன் மனைவி. அன்று மதியத்துக்குள் நான் எவ்வளவு சின்ன மனிதன், என் மச்சான் எவ்வளவு பெரிய மனிதன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

மச்சானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி. யாருக்கு வீடு மாற்ற வேண்டும் என்றாலும் முதலில் வந்து நிற்பான். ஆனால் சாயந்தரம் ஐந்து மணி அடித்தால் குடிதான், ஆள் மாறிவிடுவான். பத்து வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் அவன் மனைவி துணிமணிகளை அள்ளிக்கொண்டு சிகாமட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றுதான் அவனுக்கு உறைத்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பின்னறையில் இரண்டு மாதம் கிடந்தான். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சாப்பிட்டது தங்காது. டாக்டரிடம் அழைத்துப் போனோம், மருந்து கொடுத்தார். என் மனைவி தன் பங்குக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். அதுதான் தீர்த்தம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தை ஒரு பெரிய தொட்டியில் வைத்திருப்பார்கள். என் மனைவி அதை மினரல் வாட்டர் போத்தல்களில் பிடித்து வந்து, யாரும் தெரியாமல் குடித்துவிடக்கூடாது என்பதற்காக வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் 'தீர்த்தம்' என்று எழுதி வீட்டு ஜெப மேடையில் அடுக்கியிருப்பாள். குடிக்க வேண்டும் என்ற வெறி வரும்போதெல்லாம் போத்தல் மூடியில் ஒரு மூடி தீர்த்தம் ஊற்றி, 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஒன்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். தம்பிக்கு அக்கா இட்ட கட்டளை இது. நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அவன் அதைப் பிடித்துக்கொண்டான். லாரியில்கூட ஒரு தீர்த்தப் போத்தல் இருக்கும். அவன் மனைவியும் திரும்பி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. "இன்னொரு தடவை உங்க கையில அந்தக் கருமத்தைப் பாத்தா, அப்புறம் என்னைத் தேடி வராதீங்க" என்றாள். நாங்கள் கப்பலேறிய அன்றைக்கு அவன் குடியை விட்டுப் பதினான்கு மாதம்.

அதனால்தான் என் மனைவி பயணத்துக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

"கப்பல்ல யாரும் குடிக்கக்கூடாது. தம்பி கண்ணுல ஒரு கிளாஸ் படக்கூடாது. சரியா?"

"எனக்கென்ன லா, மூணு நாள்தானே!" என்று நான்தான் சத்தமாக வாக்குக் கொடுத்தேன்.

நான் குடிகாரன் இல்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. சாயந்தரம் எல்லையைக் கடக்கும் காஸ்வே பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் ஊர்ந்து வீடு வந்து, குளித்துவிட்டு ஒரு கிளாஸ். சனிக்கிழமை இரண்டு. அவ்வளவுதான். ஆனால் மூன்று நாள் அது இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்ததும் எனக்கு எரிச்சல் வந்தது பாருங்கள், அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. கிடங்கில் கூட வேலை செய்யும் நண்பர் வேறு ஏற்றிவிட்டார்.

"அலமாக்! இருபத்தஞ்சாவது வருஷத்தைக் கொண்டாட கப்பல் ஏறிட்டு, மைலோ குடிச்சிட்டு வரப் போறியா?"

வழியும் அவரே சொல்லிக்கொடுத்தார். சொந்தச் சரக்கைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். ஆனால் வோட்கா பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், தண்ணீர்ப் போத்தலை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். அப்படிச் செய்வது கப்பல் விதிக்கும் விரோதம், சிங்கப்பூர் சுங்கச் சட்டத்துக்கும் விரோதம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஒரே சிக்கல் என் மனைவி. பெட்டியை மூன்று முறை சரிபார்க்கிறவள். தண்ணீர்ப் போத்தலைக் கண்டால் 'இது எதுக்கு?' என்று கேட்பாள். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. ஜெப மேடையிலிருந்து ஒரு தீர்த்தப் போத்தலை எடுத்தேன். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கை வரவில்லை, அந்த அளவுக்குப் பக்தி இருந்தது. வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். பிறகு அதே போத்தலில் வோட்காவை நிரப்பி, துண்டில் சுற்றி, என் பெட்டிக்குள் வைத்தேன். மேலே என் மனைவியின் கையெழுத்திலேயே 'தீர்த்தம்'. கிடங்கில் நாங்கள் சாராயத்தைக் கிண்டலாகத் தீர்த்தம் என்றுதான் சொல்வோம். ஆகவே போத்தலில் எழுதியிருப்பது பொய்கூட இல்லை என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வேன் காஸ்வேயில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னிருக்கையில் மச்சான், தோளில் ஒரு சின்னப் பை. என் மனைவி, தம்பி மனைவியிடம் பேச்சை எடுத்தாள்.

"என் வீட்டுக்காரரை நான் தப்பா நினைச்சிட்டேன்மா. நேத்து அவரு பெட்டியைப் பாக்குறேன், துண்டுக்குள்ள சுத்தி ஒரு தீர்த்தப் போத்தல். யார்கிட்டயும் சொல்லாம தம்பிக்காக எடுத்து வச்சிருக்காரு."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "தேங்க்ஸ் மாமா" என்றான்.

"இப்ப எங்க அது?" என்று கேட்டேன்.

"தம்பி பையிலதான். பெட்டியெல்லாம் கப்பல் ஆளுங்க வாங்கிக்குவாங்கல்ல, அவசரத்துக்குக் கிடைக்காதே. நான் எடுத்து வச்சிருந்ததை வீட்லயே விட்டுட்டேன். ஒண்ணு போதும்தானே" என்றாள் மனைவி.

நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "மச்சான், பை கனமா இருக்கும். குடு, நான் வச்சிக்கிறேன்" என்றேன்.

"இது ஒரு கனமா மாமா? நான் குலை தூக்குறவன்" என்று சிரித்தான்.

சிங்கப்பூருக்குள் நுழையும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அந்தப் பை இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வருகிறவரை நான் மூச்சே விடவில்லை. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவன் பை வைத்திருக்கிறவன். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பை வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு நடந்தோம். கப்பலில் ஏறியதும் எப்படியாவது வாங்கிக் கடலில் கொட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கப்பல் முனையத்தில் நீண்ட வரிசை. பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். சோதனை இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து மது கொண்டுவரக்கூடாது என்ற அறிவிப்பு ஒட்டிய அந்த மேஜைமேல் பயணிகளிடமிருந்து வாங்கி வைத்த போத்தல்கள் வரிசையாக நின்றன. விஸ்கி, வைன், பிராந்தி என்று எல்லாம் இருந்தன. ஒருவர் தன்னுடைய வைனுக்காக அதிகாரியிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்.

மச்சானும் அவன் மனைவியும் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். நடுவில் ஒரு சீனத் தம்பதி. மச்சானின் பார்வை அந்த மேஜையில் நின்றுவிட்டது. அவன் இடது கை காற்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. பின்னறையில் கிடந்த நாட்களில் அதை நான் பார்த்திருக்கிறேன். வெறி வருகிறது என்று அர்த்தம்.

அவன் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு வரிசையை விட்டு நகர்ந்தான். சுவரோரம் போய், மேஜைக்கு முதுகைக் காட்டி நின்று, பையிலிருந்து போத்தலை எடுத்தான். சிலுவை போட்டுக்கொண்டான். மூடியைத் திறந்து அதில் ஊற்றினான்.

என் மனைவியும் பார்த்தாள். "பாத்தீங்களா, எவ்வளவு கெட்டிக்காரன்! நீங்களும் அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'வேணாம்' என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். பத்தடி தூரம்தான். கத்தினால், ஏன் வேண்டாம் என்று மனைவி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு, ஒரு மனிதனின் பதினான்கு மாதம் உதட்டருகே போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூடி உதட்டுக்கு அருகில் நின்றுவிட்டது.

அவனுக்கு வாசனை தெரிந்துவிட்டது. அவன் யாரையும் பார்க்கவில்லை. மூடியைக் கீழே இறக்கவும் இல்லை. மூடி சாய்ந்து, கொஞ்சம் மணிக்கட்டில் வழிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மூடியில் இருந்ததைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றி இறுக மூடினான். மணிக்கட்டைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான். நேராக அந்த மேஜைக்குப் போனான். நான் சீனத் தம்பதியைத் தாண்டி அவன் பின்னால் ஓடினேன். மனைவியும் வந்தாள்.

மேஜையில் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி இருந்தார். போத்தலை வாங்கி டேப்பில் இருந்ததைப் படித்துச் சிரித்தார்.

"கோயில் தீர்த்தமா அங்கிள்? இதுக்குத் தடை இல்ல. எடுத்துட்டுப் போங்க."

"இது தீர்த்தம் இல்ல தங்கச்சி. தண்ணி" என்றான் மச்சான்.

"தண்ணின்னாலும் பரவாயில்ல அங்கிள். ஒரு போத்தல்தானே, கொண்டு போலாம்."

மச்சான் தலையை ஆட்டினான். கட்டை விரலை வாய்ப்பக்கம் காட்டி, "அந்தத் தண்ணி இல்ல தங்கச்சி. இந்தத் தண்ணி" என்றான்.

வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்தப் பெண் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"யாரோடது அங்கிள்?"

மச்சான் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு, "என் பையில இருந்துச்சு. என்னோடதுதான்" என்றான்.

அதற்குள் அவன் மனைவியும் வந்துவிட்டாள். போத்தலைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"தீர்த்தப் போத்தல்ல ஊத்தி வச்சிருக்கீங்களா? அப்ப இத்தனை மாசமும் மூடி மூடியா ஊத்திக் குடிச்சது இதைத்தானா?"

அவள் அப்படி நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு மாதமும் மொத்தமாகப் பொய்யாகிவிட்டது. லாரியில் இருந்த போத்தல், வீட்டில் இருந்த போத்தல் எல்லாம்.

"இல்லம்மா. சத்தியமா அது இல்ல" என்று மட்டும் சொன்னான் மச்சான். என் பக்கம் கையும் காட்டவில்லை.

"நான் வரல அண்ணி. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நாலைந்து அடி போயிருப்பாள்.

"நில்லும்மா! அது என்னுது! நான்தான் ஊத்துனேன்!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கிடங்கு நண்பர் சொன்னது, போத்தலில் மாற்றி நிரப்பியது, துண்டில் சுற்றியது என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அங்கேயே நின்று கொட்டினேன். தம்பி மனைவி திரும்பி வந்து, புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றான்.

என் மனைவி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"உள்ள இருந்த தீர்த்தத்தை எங்க ஊத்துனீங்க?"

"கறிவேப்பிலைச் செடிக்கு."

"நல்லவேளை" என்றாள். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை என்னோடு பேசவில்லை.

அந்த அதிகாரி என் பெயரையும் அறை எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டார். திறந்த போத்தல் என்பதால் கொட்டிவிடுவோம் என்று மரியாதையாகவே சொன்னார். பிறகு மச்சானைப் பார்த்து, "நீங்க சொல்லலைன்னா நான் விட்டிருப்பேன் அங்கிள்" என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. அவன் நினைத்திருந்தால் அதை யாருக்கும் தெரியாமல் கப்பலுக்குள் கொண்டு போயிருக்கலாம். மேலே தீர்த்தம் என்று எழுதியிருக்கிறது. மூன்று நாள் மூடி மூடியாகக் குடித்தாலும் அக்கா மெச்சியிருப்பாள், மனைவியும் பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லியிருப்பாள்.

சாயந்தரம் கப்பல் புறப்பட்ட பிறகு, மேல்தளத்தில் அவன் தனியாக நின்றான். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கேள்விதான் கேட்டேன். "ஏன் மச்சான், பக்கத்துலயே குப்பைத்தொட்டி இருந்துச்சு. அதுல போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"தொட்டியில போட்டா, அது எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றான். "நான் திரும்பிப் போவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அந்தத் தங்கச்சி கையில குடுத்துட்டா திரும்பிக் கேக்க முடியாதுல்ல."

"சரி, என்னோடதுன்னு ஏன் சொன்ன? மாமாவோடதுன்னு சொல்லியிருக்கலாமே."

அவன் தளத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டான்.

"பத்து வருஷம் நான் அவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? 'இது என்னோடது இல்ல, கூட்டாளியோடது.' லாரியில போத்தல் இருந்தா, கூட்டாளியோடது. சட்டையில வாடை அடிச்சா, கூட்டாளி ஊத்திட்டான். அந்தப் பேச்சை இனி அவ காதுல போடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன் மாமா. நெசமாவே என்னோடது இல்லைன்னாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா. சொல்லுவீங்கன்னு நின்னேன்."

அவன் நின்றான், நான் சொல்லாமல் நின்றேன். அவள் திரும்பி நடந்த பிறகுதானே எனக்கு வாய் வந்தது. அதை அவன் சொல்லிக்காட்டவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன் மாமா" என்றான். "அக்கா நினைக்கிற மாதிரி நான் உடனே மூடல. வாசனை தெரிஞ்சதும், 'இது உன் தப்பு இல்ல, தெரியாமக் குடிச்சிட்டேன்னு சொல்லிக்கலாம்'னு ஒரு நினைப்பு வந்திருச்சு. அரை நிமிஷம் மூடியைப் பிடிச்சிக்கிட்டே நின்னேன். அதை அவகிட்டயும் சொல்லிட்டேன்."

நான் அவன் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிரு மச்சான்" என்றேன். அவன் "விடுங்க மாமா, சாப்பிடப் போலாம். பசிக்குது" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான்.

நான் அதோடு குடியை அடியோடு விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதை அழகாக முடியும், ஆனால் பொய். ஒன்பது மாதம் விட்டேன், பிறகு ஒரு கல்யாண வீட்டில் வழுக்கிப் பல மாதம் பழையபடி குடித்தேன், மறுபடி விட்டு இப்போது நான்காவது மாதம். 'நான் குடிகாரன் இல்லை' என்று இப்போது சொல்லிக்கொள்வதில்லை. மச்சானிடம் வாரம் ஒருமுறை பேசுகிறேன். அவன் அறிவுரை எதுவும் சொல்வதில்லை, சாஆவில் மழை எப்படி, குலை எப்படி என்று பேசிவிட்டு, கடைசியில் "எத்தனை நாள் மாமா?" என்று கேட்பான். எண்ணிக்கையைச் சொல்வேன்.

சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் இன்றும் யாராவது அவனைப் பழைய நினைப்பில் 'அந்தக் குடிகாரன்' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் நான் எழுந்து நின்று, அரை நிமிடம் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றவன் அவன், அந்த அரை நிமிடமும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் என்று சொல்கிறேன், சொல்லச் சொல்ல அவன் மேல் எனக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போகிறது.